தளரா நெஞ்சினர் சீகன்பால்கு ஐயர்

எடுத்த செயல் இனிது நிறைவேறும்பொழுது ஒருவரைப் புகழ்வோர் பலர். ஆனால், செயல் தடைப்பட்டபொழுதும், நம்பியிருந்த பொருள் கைநழுவியபொழுதும், துணைநிற்க வேண்டியவர்களே எதிர்த்து நின்றபொழுதும், மறுநாள் காலையில் மீண்டும் அதே பணியில் அமர்கின்றவரே உண்மையில் உறுதியுடையவர். அத்தகைய ஒருவரின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்களுக்கும், பெற்றோர்களுக்கும், தோட்டத்துப் பெருமக்களுக்கும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறோம்.

அவர் தமிழராகப் பிறந்தவர் அல்லர். ஆயினும் தமிழ் மண்ணுக்கு வந்து, தமிழ் கற்று, தமிழில் எழுதி, தமிழ் மண்ணிலேயே அடங்கியவர். தாம் கொண்ட கிறிஸ்தவ சமயப் பற்றை எத்துன்பத்திலும் கைவிடாதவர். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. கிறிஸ்தவப் போதகர்களை ஐயர் என்று மரியாதையுடன் அழைப்பது தமிழ்நாட்டுச் சபையாரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஆதலின் அவரைச் சீகன்பால்கு ஐயர் என்றே மக்கள் அழைக்கலாயினர்.

தமிழ்ப்பள்ளிகளில் பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். ஒருவர் தம் சமயத்தில் கொண்ட உறுதியை மற்றச் சமயத்தாரும் மதித்து அறிந்துகொள்ளுதல் நன்று. அந்த எண்ணத்துடனேயே இவ்வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறோம்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1682ஆம் ஆண்டில் சீகன்பால்கு பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். பிள்ளைப் பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். தாயார் இறக்கும் தறுவாயில் பிள்ளைகளை அருகில் அழைத்து, அவர்களுக்காகப் பெருஞ்செல்வம் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பதாகவும், அதனைத் திருமறை நூலில் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் கூறினாராம். பொன்னும் மணியும் விட்டுச் செல்லாத அத்தாய் விட்டுச் சென்ற இச்சொல்லே பின்னாளில் மகனுக்கு ஊன்றுகோலாயிற்று.

அவருக்கு வாய்த்த உடலோ வலுவற்றது. அடிக்கடி நோயுற்றமையால் படிப்பு இடையிடையே நின்றது. எனினும் மனந்தளராமல் பல ஊர்களில் பயின்று, முடிவில் ஹாலே நகரை அடைந்தார். அங்கே பிராங்கே என்னும் பெரியார் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு இல்லமும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் நடத்தி வந்தார். இறைப்பற்று என்பது வெறும் வாய்ச்சொல்லாக இராமல் கல்வியாகவும் தொண்டாகவும் வெளிப்பட வேண்டும் என்னும் பாடத்தை அங்கேதான் சீகன்பால்கு கற்றார்.

அக்காலத்தில் டென்மார்க்கு நாட்டை நான்காம் பிரெடரிக் மன்னர் ஆண்டு வந்தார். தமிழகக் கடற்கரையில் தம் நாட்டு வணிகர்கள் தங்கியிருந்த ஊருக்குக் கிறிஸ்தவப் போதகர்களை அனுப்ப அவர் எண்ணினார். தக்கவர்களைத் தேடியபொழுது சீகன்பால்கும் அவர் தோழர் புளூட்சௌவும் தெரிவு செய்யப்பட்டனர். 1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் இருவரும் கோப்பன்ஹேகன் நகரிலிருந்து கப்பலேறினர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஏழு திங்களுக்கு மேல் அக்கப்பல் பயணம் செய்தது.

தரங்கம்பாடியில்

நம் பாட்டன் பாட்டியருள் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர்கள். ராஜுலா என்னும் கப்பலின் பெயரை மூத்தோர் எளிதில் மறவார். அந்த நாகப்பட்டினத்திற்கு வடக்கே, காரைக்காலைக் கடந்து சென்றால் தரங்கம்பாடி என்னும் கடற்கரை ஊர் வரும். 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னரின் இசைவைப் பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே வணிகத்திற்காகக் கோட்டை ஒன்றைக் கட்டினர். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் அவர் தோழரும் அவ்வூரில் கரையிறங்கினர். அப்பொழுது சீகன்பால்குக்கு வயது ஏறத்தாழ 24.

மன்னரே அனுப்பியவர்களாயிற்றே, மாலை மரியாதையுடன் வரவேற்றிருப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. கோட்டைத் தலைவரான ஹாசியுஸ் என்பவருக்கு இவர்கள் வரவு சிறிதும் பிடிக்கவில்லை. போதகர்கள் ஊர்மக்களிடையே புகுந்தால் வணிகம் கெடும் என்று அங்கிருந்த அதிகாரிகள் அஞ்சினர். ஆகவே, வந்தவர்கள் நெடுநேரம் காக்க வைக்கப்பட்டனர். தங்குவதற்கு இடம் பெறுவதும் அரிதாயிற்று.

மாணவர்களே, இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சீகன்பால்குக்கு முதன்முதலில் இடையூறு செய்தவர்கள் அயலவர்களோ பிற சமயத்தாரோ அல்லர். அவருடைய சமயத்தையே சேர்ந்த அதிகாரிகள்தாம் அவருக்குத் தடையாக நின்றனர். பகைவர் தரும் துன்பத்தைக் காட்டிலும், நம்மவர் தரும் துன்பமே நெஞ்சை மிகுதியாக வருத்தும். அதனையும் பொறுத்துக்கொண்டே அவர் தம் பணியைத் தொடங்கினார்.

மணலில் எழுதிய மாணவர்

ஊர்மக்களோடு பேச வேண்டுமாயின் அவர்கள் மொழியைக் கற்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். அந்நாளில் தமிழ் கற்க விரும்பும் ஐரோப்பியருக்கு இன்றுள்ளது போன்ற பாடநூல்களோ வகுப்புகளோ கிடையா. ஆகவே உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டிக்கொண்டார். ஆசிரியரும் தம் மாணவர்களோடு வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் பயின்ற சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்திலேயே அவரும் தொடங்கினார்.

பின்னர் டேனிஷ் வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்பவரிடம் மேலும் கற்றார். நாள்தோறும் பல மணி நேரம் ஓலைச்சுவடிகளைப் படித்தார். படிக்கச் சொல்லிக் கேட்டார். ஓராண்டு நிறைவதற்குள் தமிழில் பேசவும் படிக்கவும் எழுதவும் அவருக்குக் கைவந்தது.

தமிழரைப் பற்றி ஐரோப்பியரிடையே பரவியிருந்த தாழ்வான கருத்துகளோடுதான் அவரும் வந்தார். ஆனால் தமிழ் நூல்களைக் கற்கக் கற்க, இம்மக்கள் உயர்ந்த கல்வியும் ஒழுக்க நெறியும் உடையவர்கள் என்பதைக் கண்டுகொண்டார். கண்டதை மறைக்காமல் எழுதவும் செய்தார். தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளைப் பற்றி 1708ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் நூலே வரைந்தார். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்ற கொன்றை வேந்தனையும் உலக நீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தம் சமயமே மெய்யானது என்னும் அவருடைய நம்பிக்கை இதனால் மாறிவிடவில்லை. ஆயினும் பிறர் அறிவை மதிப்பதற்கு அந்நம்பிக்கை தடையாகவும் இருக்கவில்லை.

1707ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் செல்வரோ அதிகாரிகளோ அல்லர். டேனிஷ்காரர்களின் இல்லங்களில் அடிமைகளாய் இருந்தவர்கள். அவ்வாண்டிலேயே புதிய எருசலேம் என்னும் பெயரில் சிறு ஆலயம் ஒன்றும் எழுந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தந்து கற்பிக்கும் பள்ளியையும் அவர் நடத்தினார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று பலரும் எண்ணாத அந்நாளில், சிறுமியருக்கும் பள்ளி அமைத்தார் என்பது நாம் போற்றற்குரியது.

சிறைவாசம்

பள்ளி வளர்ந்தது, சபையும் வளர்ந்தது, அவற்றோடு எதிர்ப்பும் வளர்ந்தது. புதிய சமயத்தைத் தழுவியவர்கள் உற்றார் உறவினரை இழந்து தனித்து நிற்க நேர்ந்தது. ஐயருக்குத் தமிழ் கற்பித்த அழகப்பனும் அதனால் பல துன்பங்களுக்கு ஆளானார். ஐரோப்பாவிலிருந்து பணிக்காக அனுப்பப்பட்ட பணமோ, கப்பலிலிருந்து படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும்பொழுது கடலில் வீழ்ந்து போயிற்று. எதிர்பார்த்திருந்த உதவி கண்ணெதிரே அலைகளில் மறைந்தது.

இந்நிலையில்தான் 1708ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் ஒரு பெரும்பணியைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களின் வேதநூலில் புதிய ஏற்பாடு எனப்படும் பகுதியைத் தமிழில் பெயர்க்கும் பணியே அது. தொடங்கி ஏறத்தாழ ஒரு திங்களிலேயே அப்பணி நின்றது. ஏழை விதவை ஒருவரின் கடன் வழக்கில் ஐயர் அவள் பக்கம் நின்று பேசினார். இதனைக் கோட்டைத் தலைவர் தம் ஆணையை எதிர்க்கும் செயலாகக் கொண்டார். காவலர்கள் வந்தனர், ஐயரைப் பிடித்துச் சென்று கோட்டையில் அடைத்தனர்.

நான்கு திங்கள் அவர் சிறையில் இருந்தார். தோழரைக் காண இயலவில்லை; சபையாரோடு பேச இயலவில்லை. தொடக்கத்தில் எழுதுவதற்குத் தாளும் மையும்கூட மறுக்கப்பட்டன. வெளியே அவரைச் சேர்ந்த மக்கள் அச்சத்தால் சிதறினர். கற்ற மொழியும், தொடங்கிய மொழிபெயர்ப்பும், திரட்டிய மக்களும் ஒரே நாளில் கையைவிட்டுப் போனதுபோல் தோன்றியது. அந்த நாள்களில் இறைவேண்டல் ஒன்றே அவருக்குத் துணையாயிற்று. பின்னர் எழுதுவதற்கு இசைவு கிடைத்தபொழுது, தம்மை அடைத்தவர்களை இகழ்ந்து எழுதுவதில் அவர் காலத்தைப் போக்கவில்லை. கிறிஸ்தவ வாழ்க்கை நெறி பற்றியும், போதகரின் கடமை பற்றியும் நூல்கள் எழுதினார்.

1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் விடுதலை கிடைத்தது. வெளியே வந்த அவர் ஊரை விட்டுச் செல்லவில்லை. சிதறிய மக்களை மீண்டும் கூட்டினார். விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் நிறைவெய்தியது.

அச்சுப்பொறியின் கதை

எழுதி முடித்தால் போதுமா? மக்கள் கைக்கு அது சென்று சேர வேண்டுமே! ஓலையில் படியெடுப்பதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின. இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் இதனை அறிந்து, அச்சுப்பொறி ஒன்றையும் அதனை இயக்க வல்லவர் ஒருவரையும் கப்பலில் அனுப்பினர். அக்கப்பல் பிரேசில் நாட்டுத் துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. பொருள் கொடுத்து மீட்கப்பட்டுப் பயணம் தொடர்ந்தபொழுது, அச்சுத்தொழில் அறிந்தவர் வழியிலேயே இறந்துபோனார். 1712ஆம் ஆண்டில் பொறி மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளும், தொழில் தெரிந்தவர்களும் வந்தனர். அவ்வெழுத்துகளோ அளவில் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் காகிதம் போதாது. இதற்கும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. அருகிலிருந்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளைத் தாமே வார்த்துக்கொண்டனர். 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு அச்சேறியது. இந்திய மொழிகளில் முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு நம் தமிழிலேதான் வெளிவந்தது. தமிழ் எழுத்துகள் 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சேறியிருந்தன என்பது உண்மை. ஆயினும் தமிழ் அச்சுக்கலை நிலைபெறுவதற்குத் தரங்கம்பாடி அச்சகம் பெருந்துணை செய்தது.

1714ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் தம் பணிக்கு ஆதரவு திரட்ட ஐரோப்பா சென்றார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காகச் சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716ஆம் ஆண்டில் ஹாலே நகரில் அச்சாயிற்று. திருமணம் செய்துகொண்டு, அவ்வாண்டிலேயே மனைவி மரியா டோரத்தேயாவுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

இறுதி நாள்கள்

இனியேனும் இன்னல் தீர்ந்ததா என்றால், இல்லை. தமிழரின் தெய்வங்களைப் பற்றியும் வழிபாடு பற்றியும் அவர் அரும்பாடுபட்டு எழுதிய நூலை, 1713ஆம் ஆண்டில் ஹாலே நகருக்கு அனுப்பியிருந்தார். பிற சமயங்களைப் பற்றிய நூலைப் பரப்புவது போதகரின் வேலையன்று என்று கருதி, அங்கிருந்தோர் அதனை அச்சிட மறுத்துவிட்டனர். 1867ஆம் ஆண்டில், அவர் மறைந்து ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆன பின்னரே, அந்நூல் சென்னையில் வெளியாயிற்று.

1718ஆம் ஆண்டில் பெரிய ஆலயம் ஒன்றைக் கட்டி முடித்தார். அதுவும் புதிய எருசலேம் ஆலயம் என்றே பெயர்பெற்றது. ஆனால், கோப்பன்ஹேகனிலிருந்து பணியை மேற்பார்வை செய்த குழுவின் செயலாளர் வெண்ட் என்பவர், போதகர்களுக்குக் கட்டடமும் உடைமையும் வேண்டாம் என்னும் கருத்தினர். ஐயரின் செயல்களைக் கடுமையாகக் குறைகூறி அவர் கடிதங்கள் எழுதினார். கடல்கடந்து வந்த அக்கடிதங்கள், முன்னரே நலிந்திருந்த ஐயரின் உடலையும் உள்ளத்தையும் மேலும் வருத்தின. கோட்டைச் சிறையைத் தாங்கிய நெஞ்சுக்கு, தம்மை அனுப்பியவர்களின் கடுஞ்சொல்லே கூடுதல் சுமையாயிற்று.

அந்த நிலையிலும் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் பணியை அவர் விடவில்லை. ரூத்தின் வரலாறு வரை எழுதியிருந்தார். நோய் முற்றியது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். சில திங்களுக்கு முன்னர்த் தாம் கட்டி முடித்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குத் துணைநின்ற கிரூண்ட்லர் என்னும் போதகரும் அடுத்த ஆண்டே மறைந்தார்.

விதைத்தவரும் விளைவும்

மாணவச் செல்வங்களே! அவர் கண்மூடிய நாளில் அவருடைய வாழ்க்கையைப் பார்த்தவர்கள் என்ன எண்ணியிருப்பர்? மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது, அரிய நூல் அச்சாகாமல் கிடக்கிறது, மேலிடத்தார் கோபம் தணியவில்லை, சபையோ சிறியது. இவர் வென்றார் என்று அன்று எவரும் துணிந்து கூறியிருக்க மாட்டார். இதனை நாம் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. உறுதியோடு உழைப்பவர் யாவரும் தம் வாழ்நாளிலேயே பயனைக் கண்டுவிடுவார்கள் என்று பிள்ளைகளிடம் கூறுவது உண்மையாகாது.

ஆனால் அவர் விட்டுச் சென்ற இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை சூல்ட்சே என்பவர் நிறைவு செய்தார். 1718ஆம் ஆண்டில் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கடலூர் ஆறுமுகம், ஆரோன் என்னும் பெயர் பூண்டார். 1733ஆம் ஆண்டில் அவர் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சீர்திருத்தச் சபைகளில் போதகரான முதல் தமிழர் அவரே. டேனிஷ்காரர்கள் 1845ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். வணிகமே பெரிதென்று எண்ணியவர்களின் ஆட்சி மறைந்தது. புதிய எருசலேம் ஆலயமோ இன்றும் நிற்கிறது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிப் பேரலை அவ்வூரைத் தாக்கிய பின்னரும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. காஜாங்கில் மின்இரயில் ஏறி கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினால், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் சீயோன் லூத்தரன் பேராலயத்தைக் காணலாம். தரங்கம்பாடியில் வேரூன்றிய லூத்தரன் சபையைச் சார்ந்த தமிழர்கள், பிழைப்பு நாடி மலாயாவுக்கு வந்தபொழுது தம் வழிபாட்டையும் தமிழையும் உடன் கொண்டுவந்தனர். அவர்கள் வழியில் வந்த சபையே அங்கு வழிபட்டு வருகிறது. மணலில் விரல் வைத்து எழுதிய ஓர் இளைஞரின் முயற்சி, மூன்று நூற்றாண்டுகளையும் ஒரு கடலையும் கடந்து நம் அருகில் வந்து நிற்பதை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது.

பெற்றோர்களே! தோட்டங்கள் பல மறைந்து, அவ்விடங்களில் குடியிருப்புகள் எழுந்துவிட்ட காலம் இது. வேலை மாறி, வீடு மாறி, பிள்ளைகளின் படிப்பு இடையில் தடைப்படும் குடும்பங்களை நாம் அறிவோம். ஒருமுறை தடைப்பட்டது இனித் தொடராது என்று மனம் சோர வேண்டா. நின்றுபோன இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, வாய்ப்புக் கிடைத்தவுடன் அங்கிருந்தே மீண்டும் தொடங்கினால் போதும். சீகன்பால்கு ஐயர் செய்ததும் அதுவே.

பிள்ளைகளே, நீங்கள் எச்சமயத்தைச் சேர்ந்தவர்களாயினும் ஆகுக. உங்கள் இறைப்பற்றை உறுதியாகக் கொள்ளுங்கள். அவ்வுறுதியைச் சினத்திலும் சண்டையிலும் காட்டாமல், பொறுமையிலும் உழைப்பிலும், பிறர் மொழியையும் நூலையும் மதிக்கும் பண்பிலும் காட்டுங்கள். தேர்வில் தவறினாலும், நோயால் நாள் பல வீணானாலும், பழகியவர்களே எள்ளி நகைத்தாலும், மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். இத்தகைய தளரா நெஞ்சத்தை நம் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் பெற்று வாழ வேண்டும் என எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்.